முள்ளின் நுனி எந்தப் பக்கம்

இது நடந்தது ஐம்பத்தாறிலா ஐம்பத்தேழிலா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மத்தியாஸ் கங்காணி இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். இரண்டுக்கும் நடுவே பல வருஷங்கள் போய்விட்டன. முதல் தடவை சொன்னபோது பனிமூட்டம் இறங்கியது பகல் பதினொரு மணிக்கு. இரண்டாம் தடவை அதுவே மத்தியானச் சோற்றுக்குப் பிறகு என்றானது. விட்டுப்போன இடங்களை நானே நிரப்பியிருக்கவும் கூடும். ஆனால் அந்தப் பூவின் வாசனையைப் பற்றி மட்டும் அவர் ஒரு சொல்கூட மாற்றிச் சொல்லவில்லை. தென்னையே பிழைக்காத ஆறாயிரம் அடிக் குளிரில், தேங்காய்ப்பால் காய்ச்சுகிற வாசனை.

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம் அது. காகிதத்தில் அதற்கு ஓர் இங்கிலீஷ்ப் பெயர் இருந்தது. சனங்கள் ஆனைமுடக்கு என்பார்கள். மாசி மாதத்தில், வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில், பஸ்ஸிலிருந்து செபஸ்தியாம்பிள்ளை இறங்கினார். தாவரத் திணைக்களத்து உத்தியோகத்தர். ஹட்டனில் பிறந்து வளர்ந்தவர், பேச்சும் தோட்டத்துப் பேச்சுதான். செடிகளை வைத்து அழுத்தி உலர்த்துவதற்கு இரண்டு பலகைகளை வாரால் கட்டித் தோளில் தொங்கவிட்டிருந்தார். மஞ்சள் பூப் பூக்கும் ஒரு முள் ஏழாம் நம்பர் மலைக்குள் இறங்கித் தேயிலையை அமுக்குகிறது, அது என்ன செடி, எப்படி ஒழிப்பது என்று பெரிய துரை போட்ட கடிதத்துக்கு வந்த பதில் அவர்தான்.

வழிகாட்ட அனுப்பப்பட்டவர் மத்தியாஸ். புல்லுவெட்டு ஆட்களுக்குக் கங்காணி. முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசாதவர். அன்று காலை இன்னும் குறைவாகப் பேசினார். முதல் நாள் இரவு அவர் மனைவி தெரேசா தூங்கவில்லை, அவரையும் தூங்கவிடவில்லை.

துரை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை முள் முழுவதையும் கொளுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தார். அந்த முள் அடர்ந்து நின்ற இடம் தோட்டத்து இடுகாடான சவக்காலை. நான்கு வருஷத்துக்கு முன் கக்குவான் இருமலில் போன அவர்கள் மகள் டோரீன் அங்கேதான் கிடந்தாள். நாலே வயது. கடைசி இரண்டு கல்லறைத் திருநாளிலும் தெரேசாவால் அவள் மேட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை. மெழுகுவர்த்தியை வேலிக்கு வெளியே ஏற்றிவிட்டுத் திரும்பினாள். கொளுத்துவதற்கு முன்னால் தலைமாட்டில் நட்ட மரச்சிலுவையையாவது எடுத்து வந்துவிடுங்கள் என்பதுதான் அவள் கேட்டது. மத்தியாஸ் சரி என்றார். அதற்குப் பிறகு இருட்டுக்குள்ளிருந்து அவள் இன்னொன்று கேட்டாள்.

"என்னங்க. அன்னைக்கு முள்ள எந்தப் பக்கமா வச்சீங்க? நுனி வெளியவா, உள்ளவா?"

அவருக்கு நினைவில்லை.

துரை பங்களா வேலியருகே செபஸ்தியாம்பிள்ளை நின்று ஒரு கொப்பை வளைத்துப் பார்த்தார். இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்கிறீர்கள் என்று கேட்டார். துரைமுள் என்றார் மத்தியாஸ். தோட்டம் திறந்த முதல் துரை தன் ஊர் நினைவு தாங்காமல் தகர டப்பாவில் விதை வரவழைத்து நட்டது என்று சொல்வார்கள். தேயிலைச் செடியைக் குறுக்கிக் கவ்வாத்து வெட்டும் மூக்கன் அந்த வேலியைக் கடக்கும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுவான். சனத்துக்குத் தேங்காய் கொடுக்க மனசில்லாத துரை வாசனையை மட்டும் வேலி கட்டி வைத்திருக்கிறான் என்பான். கொழுந்து எடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

செபஸ்தியாம்பிள்ளையும் சிரித்தார். பிறகு பூவைப் பிரித்துக் காட்டினார். அவரைப் பூவின் அதே அமைப்பு, அந்தக் குடும்பத்துச் செடிதான் என்றார். இலை என்று எதுவும் இல்லை. இலையே முள்ளாகிவிட்டது. காய் கருத்து முடி முளைத்த சின்ன அவரைக்காய் மாதிரி இருந்தது. அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெயில் பட்ட கொப்பொன்றில் காய்கள் டக், டக் என்று வெடித்து விதை சிதறியது.

"பாத்தீங்களா கங்காணி? காஞ்ச வெயில்லதான் வெடிக்கும். விதை ரெண்டு மூணு முழத்துக்கு மேல போவாது. காத்துல பறக்குற விதை இல்ல, குருவி திங்கிற விதையும் இல்ல. கோர்ஸுன்னு சொல்வாங்க. சீமைச் செடி."

இங்கிருந்து சவக்காலை அரை மைல் இருக்குமே, எப்படிப் போயிருக்கும் என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். மத்தியாஸ் முன்னே நடந்தார்.

சவக்காலை ஒரு சரிவு. மேலே காடு, கீழே ஏழாம் நம்பர் மலை, ஓரத்தில், வரிசை வீடுகளான மேல் லயத்துக்குத் தண்ணீர் தரும் ஊற்று. சரிவு முழுவதும் மஞ்சள். கண் கூசுகிற மஞ்சள். செபஸ்தியாம்பிள்ளை குனிந்து அடியில் கையை விட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார். அங்கே புல் இல்லை, பாசி இல்லை. மழை பெய்தால் புல்தான் தண்ணீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும். இந்த முள்ளுக்கு அடியில் புல் வளராது, மண் புளித்துப் போகும், மழை அப்படியே வழிந்து ஓடிவிடும் என்றார். ஊற்றைப் போய்ப் பார்த்தார். சுற்றியிருந்த சேறு வெடிப்பு விட்டிருந்தது. மான் இறங்கி வருகிறதா என்று கேட்டார். இரண்டு வருஷமாக இல்லை. காட்டுக்கோழி? அதுவும் இல்லை.

பிறகு ஒரு பாறைமேல் ஏறி நின்று சரிவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கங்காணி, இது ஒரே காடா வளரல. பாத்தி பாத்தியா வளந்திருக்கு. ஓரத்துல பாருங்க, ஆறடி நீளம், மூணடி அகலம். ஏதோ வெதச்ச மாதிரி."

மத்தியாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

ஊரில், அதாவது அவர்கள் பாட்டன்மார் வந்த திருச்சிப் பக்கத்தில், புதைத்த மேட்டின் மேல் வேலமுள் வெட்டிப் போடுவார்கள். நரி தோண்டாமல் இருக்க. இங்கே நரிக்குப் பதில் காட்டுப்பன்றி. ஆனால் வேலமுள் இல்லை. டோரீனைப் புதைத்ததற்கு முந்தின வாரம்தான் பன்றிகள் ஒரு மேட்டைக் கிளறிப் போட்டிருந்தன. மத்தியாஸ் அதைப் பார்த்தவர். பிள்ளையைப் புதைத்த அன்று மாலையே பங்களா வேலிக்குப் போய், காயும் பூவுமாக நான்கு கட்டு துரைமுள் வெட்டித் தலையில் சுமந்து வந்து அவள் மேல் அடுக்கினார். பன்றி அண்டவில்லை. நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு தோட்டத்தில் யார் செத்தாலும் அதையே செய்தார்கள்.

செபஸ்தியாம்பிள்ளை பாறையிலிருந்து இறங்கி வந்தார். மத்தியாஸைத் திட்டவில்லை. கொளுத்தினால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொன்னார். இந்தச் செடிக்குள் எண்ணெய் இருக்கிறது, பச்சையாகவே எரியும். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் விதை முப்பது வருஷம் சாகாது. தீயின் சூடு பட்டால் அத்தனையும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். இன்றைக்குப் பாத்தி பாத்தியாக நிற்பது மலை முழுவதும் நிற்கும். ஊற்று போகும், ஏழாம் நம்பர் போகும், மேல் லயமே போகும். காய் பிடிக்கும் முன்னால் வெட்டி, வேரோடு தோண்டி, புல் நட வேண்டும். வருஷக்கணக்கான வேலை. அப்படித்தான் துரைக்கு எழுதப் போவதாகச் சொன்னார்.

மத்தியாஸ் கேட்டது ஒன்றுதான். மகளின் சிலுவையை எடுக்க உள்ளே போக வேண்டும், ஐயா கூட வருவீர்களா.

கவ்வாத்துக் கத்தியால் தூர்களை வெட்டி வெட்டி, தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு வழி செய்தார் மத்தியாஸ். வெட்டிய இடங்களில் தூர் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. செபஸ்தியாம்பிள்ளை கைகளில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தார். வெளியேதான் பச்சையும் மஞ்சளும். உள்ளே எல்லாம் செத்துக் காய்ந்து பழுப்பாக, மேலே கூரை போல மூடி, அடியில் வெற்றிடமாக இருந்தது. ஓர் எறும்பு கூட இல்லை. வாசனை மூச்சுக்குழாயில் எண்ணெய் போலப் படிந்தது. வெளியே கேட்ட கொழுந்துப் பெண்களின் பேச்சு நின்றுவிட்டது. அவர்கள் நிறுத்தினார்களா, தனக்குக் கேட்கவில்லையா என்று மத்தியாஸுக்குத் தெரியவில்லை.

மேடு இருந்தது. தலைமாட்டில் சிலுவை இருந்தது. விரல் தடிமன் தூர் ஒன்று அதன் குறுக்குக்கட்டையைச் சுற்றி ஏறியிருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன் அவர் அடுக்கிய கொப்புகளும் இருந்தன. மக்கவில்லை. சாம்பல் நிறமாகி, வைத்தது வைத்தபடியே கிடந்தன. அடிப்பக்கம் வெளியே. நுனி முழுவதும் உள்ளே, மேட்டைப் பார்த்து.

வெளியிலிருந்து வருவதைத் தடுக்க வேண்டுமானால் நுனி வெளியே இருக்க வேண்டும். மாடு மேய்க்கிறவனுக்கும் தெரிந்த விஷயம். அன்று மாலை அவர் அழுதுகொண்டே அடுக்கியிருக்கிறார். பட்டிக்குள் மாட்டை அடைக்கிற மாதிரி அடுக்கியிருக்கிறார்.

அவர் ஒரு கொப்பைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு முனையும் வேர் விட்டிருந்தன.

அப்போதுதான் வெளிச்சம் குறைந்தது. மூட்டம் இறங்கியிருக்க வேண்டும். கூரை போல மூடியிருந்த முள்ளின் இடுக்குகளில் மஞ்சள் போய் வெள்ளை வந்தது. ஈரம் முகத்தில் பட்டது. முள்ளின் நுனிகளில் நீர் கோத்தது.

டக்.

இடப்பக்கம் ஒரு காய் வெடித்தது.

டக். டக்.

"வெயில்லதானே வெடிக்கணும்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. "இந்த ஈரத்துல எப்படி வெடிக்குது?"

சத்தம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கால்மாட்டுக்குப் போனது. வலப்பக்கம் வந்தது. தலைமாட்டுக்கு வந்தது. மறுபடி இடப்பக்கம். சுவரோரமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையின் வேகத்தில், மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது.

போய்விடலாம் என்றார் செபஸ்தியாம்பிள்ளை. மத்தியாஸ் சிலுவையைப் பிடித்திருந்த தூரை ஒரே வீச்சில் அறுத்தார். சிலுவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த வழியைத் தேடினார்.

வழி இல்லை.

வெட்டிய தூர்களின் வெள்ளை எந்தப் பக்கமும் தெரியவில்லை. எல்லாம் பழுப்பு. எல்லாம் முழுசு. செபஸ்தியாம்பிள்ளை சாக்குச் சுற்றிய கையால் ஒரு பக்கம் தள்ளிப் பார்த்தார், மறுபக்கம் தள்ளிப் பார்த்தார். தள்ளிய இடத்தில் முள் இன்னும் இறுகியது. அவர் கத்த வாயைத் திறந்து, கத்தாமல் மூடிக்கொண்டார். யாரைக் கூப்பிடுவது என்பதைவிட, கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார் என்ற பயம் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

மத்தியாஸ் தவழத் தொடங்கினார். பின்னால் சட்டை இழுபட்டது. கையைப் பின்னால் விட்டு முள்ளை எடுத்தார். மறுபடி இழுபட்டது. அதே இடம். சட்டையின் கீழ்விளிம்பு, முதுகுக்கு நடுவே.

"கங்காணி."

"ஐயா."

"திரும்பாதீங்க."

"ஏங்க?"

செபஸ்தியாம்பிள்ளை மூச்சோடு மூச்சாகச் சொன்னார்.

"உங்க சட்டைய புடிச்சிருக்கறது முள்ளு இல்ல."

மத்தியாஸ் திரும்பவில்லை. திரும்பத் தேவையும் இருக்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்புவரை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகத் தப்பு அடித்ததும், அவர் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, தினமும் அந்த இடத்தில்தான் அந்தப் பிடி விழும். விரல் விரலாகப் பிரித்துவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார்.

"விடும்மா," என்றார். "அப்பா வேலைக்குப் போகணும்ல."

தினமும் சொன்ன அதே சொல். பிடி தளரவில்லை. சுற்றிலும் காய்கள் ஒன்றாக வெடித்தன. விதைகள் அவர் முதுகிலும் சிலுவையிலும் பட்டுத் தெறித்தன. முள் நெருங்கி வந்து அவர் காதைத் தொட்டது.

செபஸ்தியாம்பிள்ளை ஜெபம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் வரி மறந்து, முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்.

மத்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டார். அவர் அன்று சொன்னதை என்னிடம் சொல்லும்போது இரண்டு தடவையும் குரல் உடைந்தது.

"அப்பா தெரியாம அடைச்சிட்டேன்ம்மா. சனிக்கிழம வந்து உன்னையக் கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

ஒரு விரல் விட்டது. பிறகு ஒன்று. பிறகு ஒன்று.

எதிரே, கை நீட்டும் தூரத்தில், வெட்டிய தூர்கள் வெள்ளை வெளேரென்று நின்றன.

அவர்கள் வெளியே வந்தபோது நாலு மணிக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கால் மணி நேரம்கூட இருந்திருக்க மாட்டோம் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை பாறையில் உட்கார்ந்து கைச்சாக்கை அவிழ்த்தார். எதைப் பார்த்தீர்கள் என்று மத்தியாஸ் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பஸ் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார். கொளுத்தாதீர்கள், எனக்காக இல்லாவிட்டாலும் இந்த லயத்துப் பிள்ளைகளுக்காக.

தெரேசா சிலுவையை வாங்கித் துடைத்து மாதா படத்தின் கீழே சாய்த்து வைத்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். நுனி உள்ளேதான் இருந்தது என்று அவர் சொன்னார். அவள் அழவில்லை. அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை துரைக்குத் தந்தி வந்தது. செபஸ்தியாம்பிள்ளையின் மேலதிகாரி அனுப்பியது. கொளுத்துவதை நிறுத்தச் சொன்னார் துரை. வருகிற வாரம் முதல் வேரோடு தோண்ட வேண்டும், ஆள் ஒதுக்கு என்று மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொன்னார். தோண்டினால் எத்தனை நாளில் டோரீன் மேட்டுக்கு வரும் என்று மத்தியாஸ் கண்டாக்கையாவைக் கேட்டார். அது சரிவின் நடு, கடைசியில்தான் வரும், ஒரு வருஷம் ஆகும், இரண்டும் ஆகும் என்றார் அவர்.

சனிக்கிழமை காலை, பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குக் கலைந்த பிறகு, மத்தியாஸ் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு தனியாகச் சவக்காலைக்கு ஏறினார். என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஊற்றைப் பற்றியும் விதையைப் பற்றியும் தன் காதாலேயே கேட்டிருந்தார். தெரிந்தேதான் தீக்குச்சியைக் கிழித்தார்.

மண்ணெண்ணெய் தேவைப்படவே இல்லை. பச்சை முள் எண்ணெயாக எரிந்தது. சரிவு முழுவதும் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. காய்கள் வெடித்த சத்தம் கீழ் லயம் வரை கேட்டது. தேங்காய் எண்ணெய் காய்கிற வாசனை மலை முழுவதும் பரவியது. மேல் லயத்துச் சனங்கள் ஓடி வந்து பார்த்தபோது, மத்தியாஸ் சாம்பலுக்கு நடுவே ஒரு மேட்டருகே முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். கொஞ்சம் சாய்ந்து, இடது கையைத் தாழ்த்தி விட்டுக்கொண்டு, மெதுவாக, சின்ன அடிகளாக வைத்துக் கீழே இறங்கி வந்தார் என்று மூக்கன் சொன்னான். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்கிற மூக்கன், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

தெரேசா லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவர் வருவதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழி விட்டாள்.

சித்திரை மழைக்குப் பிறகு செபஸ்தியாம்பிள்ளை சொன்னது நடந்தது. கருகிய சரிவில் கோரை முளைப்பது போல முள் முளைத்தது. ஓர் அடி இடம் விடவில்லை. இரண்டு வருஷத்தில் அது ஏழாம் நம்பரை மூடியது. மூன்றாம் வருஷம் ஊற்று நின்றது. ஏழாம் நம்பர் மலையைக் கைவிட்டார்கள். மேல் லயத்தில் இருந்த பதினாறு குடும்பங்களும் தண்ணீர் இல்லாமல் வேறு தோட்டங்களுக்குப் போயின. தீ வைத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் துரையிடம் சொல்லவில்லை. மத்தியாஸோடு பேசவும் இல்லை.

துரை அறுபதில் தோட்டத்தை விட்டுத் தன் ஊருக்குப் போனார். செபஸ்தியாம்பிள்ளை மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் போனார். அங்கேயே கலியாணம் செய்து அங்கேயே ஓய்வு பெற்றார். மலைப்பக்கம் திரும்பவே இல்லை. மூக்கன் அறுபத்திரண்டில் காய்ச்சலில் செத்தான். அவன் மேட்டின் மேல் முள் போட வேண்டாம் என்று அவன் பெண்சாதியே சொல்லிவிட்டாள்.

மத்தியாஸும் தெரேசாவும் கொட்டகலைக்கு வந்து, ஸ்டேஷனுக்குக் கிட்ட அலியார் முதலாளி கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருந்தார்கள். அவர் கடையில் மூட்டை தூக்கினார். அவள் தையல் வேலை செய்தாள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. இந்தக் கதையை இரண்டாம் தடவை நான் கேட்டது அந்த அறையில்தான், மார்கழி மாதத்து மத்தியானம் ஒன்றில். வெளியே சாரலும் காற்றும். அறைக்கதவு முழுதாகத் திறந்து கிடந்தது. தண்ணீர் உள்ளே வரை அடித்துப் பாய் நனைந்தது. கதை முடியும்வரை தெரேசா மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். குளிர் தாங்காமல் நான் எழுந்து கதவைச் சாத்தப் போனேன்.

தெரேசா தையலிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்.

"சாத்தாதீங்க தம்பி. சாத்தினா, உள்ள இருந்து தட்டுறா."